ஐம்பத்திரண்டு தாண்டல்

வெட்டுக்கிளிக்குப் பள்ளிக்கூடத்தில் வேறொரு பேர் உண்டு. அது வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருக்கட்டும். தெருவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

வயது பத்து. தரையில் கால் பாவாது. பல் தேய்க்கும்போதும் குதிப்பாள், வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதும் குதிப்பாள். கையில் எந்நேரமும் ஒரு ஸ்கிப்பிங் கயிறு. அப்படிப்பட்ட பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

அந்தப் பேரை வைத்தவர் தெருமுனை வீட்டு விசில் தாத்தா. முப்பத்தைந்து வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவர். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், விசில் மட்டும் ஓய்வு பெறவில்லை. தினமும் காலையில் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு முனையில் வந்து நிற்பார். ஒரு விசில் அடித்தால் எல்லாரும் நிற்க வேண்டும். இரண்டு விசில் அடித்தால் பிள்ளைகள் சாலையைக் கடக்கலாம். லாரிக்காரர்கள்கூட அந்த ஒற்றை விசிலுக்கு மரியாதை கொடுத்து நின்றுவிடுவார்கள்.

தாத்தாவிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு.

"எங்கம்மா சின்ன வயசுல சினிமாவுல நடிச்சிருக்காங்க, தெரியுமா?"

"தாத்தா ரீல் விட ஆரம்பிச்சுட்டாரு, ஓடுங்கடா!" என்று பிள்ளைகள் சிட்டாய்ப் பறந்துவிடும்.

வெட்டுக்கிளி மட்டும் ஓட மாட்டாள். கயிறு தாண்டிக்கொண்டே கேட்பாள்.

"என்ன படம் தாத்தா?"

"பேரு தெரியாது. ஊமைப்படம். அப்போ எங்கம்மாவுக்கு உன் வயசுதான். படத்துல அப்பா வெளியூர் போயிடுவாரு. தான் வர்ற வரைக்கும் நிறுத்தாம ஸ்கிப்பிங் பண்ணிக்கிட்டே இருன்னு பொண்ணுகிட்ட சொல்லுவாரு. எங்கம்மா அழுதுக்கிட்டே அம்பத்திரெண்டு தடவை குதிச்சாங்களாம். ஒரு தடவைகூடக் கயிறு தட்டலையாம்."

"அம்பத்திரெண்டா!"

வெட்டுக்கிளிக்கு இங்கேதான் ஒவ்வொரு முறையும் மூச்சு வாங்கும். அவளுடைய உச்சக் கணக்கு நாற்பத்தேழு. அதைத் தாண்ட அவளும் தலைகீழாக நின்று பார்த்துவிட்டாள், முடியவில்லை.

"எனக்கு அஞ்சு வயசு இருக்கறப்போ அம்மா தவறிட்டாங்க. என்னை மடியில வெச்சு அவங்க பேசினதுல ஞாபகம் இருக்கறது இந்த ஒரு கதைதான்" என்பார் தாத்தா. அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்துக் காட்டுவார். அதில் ஒரு பெண், நேராகப் பார்த்தபடி, அசையாமல் நிற்பாள். மோவாயில் ஒரு குழி. தாத்தாவின் மோவாயிலும் அதே குழி உண்டு. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கும் என்று தாத்தாவே கேலி செய்துகொள்வார்.

வெட்டுக்கிளியின் அம்மா வேலை பார்த்தது திரைப்படக் காப்பகத்தில். காணாமல் போன பழைய படங்களைத் தேடிப் பிடித்து, சிகிச்சை கொடுத்து, குளிர் அறையில் பத்திரமாக வைக்கிற இடம் அது. அம்மா அங்கே படச்சுருள் வைத்தியர். கையில் வெள்ளை உறை, கண்ணுக்கு முன்னால் பூதக்கண்ணாடி, மேசைக்கு அடியிலிருந்து வெளிச்சம். கிழிந்த சுருளை ஒட்டுவது, பூஞ்சையைப் பஞ்சால் துடைப்பது, ஓரத்து ஓட்டைகளைச் சரிசெய்வது என்று நாள் முழுக்க வேலை இருக்கும்.

பள்ளி விட்டதும் வெட்டுக்கிளி அங்கே போய்விடுவாள். அவள் உள்ளே வர அம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"இங்க குதிக்கக் கூடாது. தரை அதிர்ந்தா என் கை ஆடும். என் கை ஆடினா நூறு வருஷத்துப் படம் கிழிஞ்சுடும்."

பாவம், ஸ்டூலில் உட்கார்ந்து கால் கட்டைவிரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள்.

அந்த வாரம் ஒரு துருப்பிடித்த தகரப் பெட்டி வந்தது. வந்த இடம் ஒரு பழைய சீப்புப் பட்டறை.

"சீப்பு செய்யற இடத்துல சினிமாவுக்கு என்னம்மா வேலை?"

"ஓடி முடிஞ்ச படச்சுருளை வாங்கி, உருக்கி, சீப்பு பண்ணுவாங்க. பேசுற படம் வந்ததும் ஊமைப்படத்தை யாரும் சீந்தலை. நிறையப் படம் அப்படித்தான் போச்சு."

எத்தனை ராஜாக்களும் ராணிகளும் சீப்பாகிப் போய், யார் யார் தலையைச் சீவினார்களோ! வெட்டுக்கிளி தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். இந்த ஒரு பெட்டி மட்டும் பட்டறைப் பரணில் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து தப்பித்திருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சுருள். படத்தின் பேர் இல்லை, நடித்தவர்கள் பேர் இல்லை, தொடக்கம் இல்லை, முடிவும் இல்லை. நடுவில் ஒரு பத்து நிமிடம் மட்டும் மிஞ்சியிருந்தது.

அம்மா அதற்கு எட்டு நாள் வைத்தியம் பார்த்தாள். பிறகு அங்கேயே வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் அக்கா அதிலுள்ள ஒவ்வொரு சின்னப் படத்தையும் தனித்தனியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். கறை, கீறல், புள்ளி எல்லாவற்றையும் துடைத்தாள்.

"மொத்தம் ஒன்பதாயிரம் புள்ளி தொடைச்சிருக்கேன்!" என்று விரலைச் சொடுக்கிக்கொண்டு அக்கா பெருமைப்பட்டாள். "இப்போ பளிங்கு மாதிரி இருக்கு."

"அப்போ இந்தப் பழைய சுருளைத் தூக்கிப் போட்டுடலாமாம்மா?" என்றாள் வெட்டுக்கிளி.

அம்மாவுக்குப் பதறிவிட்டது. "வாயைக் கழுவு! நாளைக்கு ஏதாவது சந்தேகம் வந்தா யார்கிட்ட போய்க் கேக்கறது? இதுகிட்டதான் கேக்கணும்." சுருளைப் புதுப் பெட்டியில் வைத்து, குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல் குளிர் அறைக்குக் கொண்டுபோனாள்.

அன்று மாலை கம்ப்யூட்டர் அக்கா சும்மா ஒரு காட்சியை நிறுத்திவைத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு சிறுமியின் முகம். கையில் கயிறு.

வெட்டுக்கிளியின் கால் கட்டைவிரல்கள் ஆடுவதை நிறுத்திவிட்டன.

அந்தச் சிறுமியின் மோவாயில் ஒரு குழி இருந்தது.

"அம்மா! இது விசில் தாத்தாவோட அம்மா!" என்று கத்தியபடி ஸ்டூலிலிருந்து ஒரு குதி குதித்தாள். நிபந்தனை காற்றில் போயிற்று.

காப்பகத்தின் தலைவர் கண்ணாடி சார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றிக்கு மேலே ஒரு கண்ணாடி, அப்படியிருந்தும் மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பவர். அவர் தாத்தாவின் புகைப்படத்தை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி, காது, குழி, எல்லாம் பொருந்தியது.

"அட, ஆமாம்மா! நாளைக்கே தாத்தாவுக்குப் போட்டுக் காட்டிடலாம். ஞாயித்துக்கிழமை ஊருக்கே காட்டப்போறோம். 'நூறாண்டுக்கு முந்தைய நகைச்சுவைப் படம்'னு நோட்டீஸ் அடிக்கக் கொடுக்கணும்."

"நகைச்சுவையா சார்?" என்றாள் அம்மா.

"பாத்தா சிரிப்பு வருதே! அப்போ வேற என்னவாம்?"

மறுநாள் மாலை காப்பகத்தின் சின்னத் திரையரங்கில் இருபது பேர் கூடினார்கள். அலுவலகத்துக்காரர்கள், தெருப் பிள்ளைகள், முன் வரிசையில் விசில் தாத்தா. தாத்தா துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். தலைமுடியைத் தண்ணீர் தொட்டுச் சீவியிருந்தார். கண்டக்டர் வேலைக்கு முதல் நாள் போனபோதுகூட இப்படி ஜோடித்திருக்க மாட்டார்.

விளக்கு அணைந்தது. சத்தமே இல்லாமல் படம் ஓடியது.

ஓடியதா? பறந்தது! ஒரு மனிதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குடுகுடுவென்று வாசலுக்கு வந்தான். சிறுமி வெடுக்கென்று அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையைப் படபடவென்று தட்டினான், கோழி கொத்துவது மாதிரி. பேச வேண்டியது எழுத்தாகத் திரையில் வந்தது: 'நீ கயிறு தாண்டிக்கொண்டே இரு. நான் வந்துவிடுவேன்.' அவன் விடுவிடுவென்று போய் மறைந்தான். சிறுமி கயிற்றை எடுத்தாள். டக்டக்டக்டக்கென்று சாவி கொடுத்த பொம்மைபோல் குதித்தாள். நடுநடுவே தோளை வேறு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டாள்.

அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது வெட்டுக்கிளிதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஒற்றை விசில் கேட்டது.

கம்ப்யூட்டர் அக்கா பயந்துபோய்ப் படத்தை நிறுத்திவிட்டாள். தாத்தா எழுந்து நின்றார்.

"இது... இதுல அவங்க அழணும். அழுதேன்னுதான் அம்மா சொன்னாங்க" என்றார். யாரிடம் சொல்கிறார் என்று அவருக்கே தெரியவில்லை. "பரவாயில்ல. நான் வரேன்."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். வெட்டுக்கிளியின் சிரிப்பு பாதி வாயிலேயே நின்றது.

மறுநாள் காலை தாத்தா வழக்கம்போல் முனையில் நின்றார். கதை மட்டும் வரவில்லை.

"தாத்தா... நேத்து நானும் சிரிச்சுட்டேன். தெரியாம சிரிச்சுட்டேன்."

"சிரிப்பு வந்தா சிரிக்க வேண்டியதுதானே. அதுல என்ன தப்பு?" தாத்தா அவள் தலையைத் தொட்டார். "எண்பது வயசாச்சு. அஞ்சு வயசுல கேட்ட கதை. அழுததும், அம்பத்திரெண்டும்... ஒருவேளை நானாவே சேத்துக்கிட்டேனோ என்னமோ. ஒரே ஒரு ஞாபகம் இருந்துச்சு. அதுவும் பொய்யாப் போச்சு."

இரண்டு விசில் அடித்தார். பிள்ளைகள் கடந்தார்கள். வெட்டுக்கிளி அன்று நடந்துதான் சாலையைக் கடந்தாள்.

பள்ளியில் அவளுக்கு எதுவுமே ஓடவில்லை. இடைவேளையில் கயிற்றை எடுத்து மைதானத்தின் ஓரத்துக்குப் போனாள். அந்தச் சிறுமி எப்படிக் குதித்தாளோ அப்படியே குதித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்தச் சிறுமி ஒவ்வொரு முறையும் நல்ல உயரம் எழும்பினாள், ஏறத்தாழ ஒரு சாண். வெட்டுக்கிளியும் ஒரு சாண் எழும்பினாள். அதே வேகத்தில் கயிற்றைச் சுழற்றினாள்.

நாலாவதிலேயே தட்டியது. இன்னொரு முறை குதித்தாள். மூன்றாவதில் தட்டியது. அவள் இன்னும் மேலே இருக்கும்போதே கயிறு சுற்றிவிட்டு அடுத்த சுற்றுக்கு வந்து நிற்கிறது! வேகமாகக் குதிக்க வேண்டுமென்றால் கொஞ்சமாகத்தான் எழும்ப முடியும். உயரமாக எழும்பினால் மெதுவாகத்தான் சுழற்ற முடியும். கயிறு பிடித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

"அப்படி யாராலயும் குதிக்க முடியாது" என்று வாய்விட்டே சொன்னாள். "அப்படின்னா படம்தான் தப்பு!"

கடைசி மணி அடித்ததுதான் தெரியும். காப்பகத்தின் படிகளை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினாள்.

"சார்! சார்! படம் ரொம்ப வேகமா ஓடுது!"

கண்ணாடி சார் நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார். அச்சகத்துக்கு அனுப்பும் நேரம். "அந்தக் காலத்துப் படம்னா கொஞ்சம் துள்ளத்தான் செய்யும்மா. அப்போ கேமராவுக்கு மோட்டார் கிடையாது. கையால சுத்துவாங்க. ஒருத்தர் கை வேகம், ஒருத்தர் கை மெதுவு. இவர் எப்படிச் சுத்தினார்னு எழுதி வெச்ச தாளும் கிடைக்கல. அதான் இப்போ எல்லாப் படமும் ஓடற வேகத்துலயே விட்டுட்டோம். வினாடிக்கு இருபத்துநாலு சின்னப் படம்."

"ரொம்பக் குறைச்சும் பாத்தோம்" என்றாள் கம்ப்யூட்டர் அக்கா. "பதினாலு வெச்சா எல்லாரும் முழங்கால் தண்ணியில நடக்கற மாதிரி இருந்துச்சு. நடுவுல எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? படத்துல ஒரு கடிகாரம்கூட இல்லையே."

"கடிகாரம் எதுக்கு? நான் இருக்கேனே!" என்றாள் வெட்டுக்கிளி.

கண்ணாடி சார் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார்.

"அவளும் நானும் ஒரே உயரம். அவ ஒரு சாண் எழும்பறா. நானும் ஒரு சாண் எழும்பறேன். அவ கீழ வர்றப்போ நானும் கீழ வரணும் இல்ல சார்? அவளை மட்டும் பூமி தனியாவா இழுக்கும்?"

"எங்க வாத்தியார் இதை மூணு பாடமா நடத்தினாரே..." என்று சார் முணுமுணுத்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா மேசையில் இருந்த சுருள்களை எல்லாம் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

"சரி. இன்னிக்கு ஒரு நாள் மட்டும் குதிச்சுக்கோ" என்றாள்.

திரைக்குப் பக்கத்தில் வெட்டுக்கிளி கயிற்றோடு நின்றாள். திரையில் அந்தச் சிறுமி. அக்கா வினாடிக்கு இருபத்திரண்டு வைத்தாள். வெட்டுக்கிளி கீழே வருவதற்குள் அந்தச் சிறுமி வந்து போயிருந்தாள்.

"குறைங்கக்கா!"

இருபது வைத்தாள். இன்னும் அவள்தான் முந்தினாள். பதினாறு வைத்தாள். இப்போது வெட்டுக்கிளி முந்திக்கொண்டாள், அந்தச் சிறுமி காற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஏத்துங்க! இன்னும் ஒரே ஒரு சிட்டிகை!"

"இது என்ன குழம்பா, சிட்டிகை போட?" என்று சொல்லிக்கொண்டே அக்கா பதினெட்டு வைத்தாள்.

டக். டக். டக். தரையில் இரண்டு கால், திரையில் இரண்டு கால், ஒன்றாக எழும்பின, ஒன்றாக இறங்கின. ஒரே தெருவில் வளர்ந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று குதிப்பதுபோல் இருந்தது. யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் வெட்டுக்கிளி அதைக் கவனித்தாள். திரையில் சிறுமியின் தோள் மெதுவாக மேலே வந்து கன்னத்தைத் தொட்டது. இரண்டு தாண்டல் கழித்து இன்னொரு தோள் இன்னொரு கன்னத்தைத் தொட்டது. வேகமாக ஓடியபோது கோமாளி தோளை வெட்டி இழுத்ததுபோல் தெரிந்தது இதுதான்.

வெட்டுக்கிளி நின்றுவிட்டாள்.

"அம்மா, அவ கண்ணைத் தொடைக்கிறா. ரெண்டு கையிலயும் கயிறு இருக்கில்ல? தோளாலதான் தொடைக்க முடியும். ஸ்கிப்பிங் பண்றப்போ கண்ணுல வேர்வை விழுந்தா நானும் அப்படித்தான் தொடைப்பேன்."

"ஆனா முகத்துல கண்ணீர் ஒண்ணும் இல்லையே?" என்றார் சார்.

அம்மா நேராகக் குளிர் அறைக்குப் போனாள். புதுப் பெட்டியிலிருந்து அந்தப் பழைய சுருளை எடுத்து வந்தாள். சில்லிப்பு அடங்கும்வரை எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு வெளிச்ச மேசையில் விரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தாள்.

"இங்க பாருங்க சார். கண்ணுக்குக் கீழ ஒரு வெள்ளைப் புள்ளி. அடுத்த படத்துல கொஞ்சம் கீழ. அதுக்கு அடுத்ததுல இன்னும் கீழ. கறையா இருந்தா இப்படி வரிசையா இறங்குமா?"

கம்ப்யூட்டர் அக்கா எட்டிப் பார்த்தாள். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ! ஒன்பதாயிரம் புள்ளியோட சேத்து அந்தப் பொண்ணோட கண்ணீரையும் தொடைச்சுட்டேனே!"

"அழற பிள்ளைக்குக் கண்ணைத் தொடைக்கறது நல்ல பழக்கம்தான்" என்றார் கண்ணாடி சார். "ஆனா இந்தப் பிள்ளைக்கு வேண்டாம்மா. திருப்பிக் கொடுத்துடு."

நோட்டீஸில் 'நகைச்சுவை' என்ற சொல்லைத் தானே கோடு போட்டு அடித்தார். அச்சகத்துக்குத் தொலைபேசியில் ஒரு நாள் அவகாசம் கேட்டார். அக்கா மறுநாள் மாலை வரை இடத்தை விட்டு எழவில்லை. ஒவ்வொரு சொட்டாகத் தேடித் தேடி அந்த முகத்தில் திரும்ப வைத்தாள்.

தாத்தாவைக் கூட்டி வரும் வேலை வெட்டுக்கிளியுடையது. அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

"வேண்டாம்மா. ஒரு தடவை பாத்தாச்சு" என்றார் தாத்தா.

"நீங்க வந்தே ஆகணும் தாத்தா. யாராவது எண்ணணும்ல?"

"நீயே எண்ணேன்."

"எனக்கு நாப்பத்தேழுக்கு மேல எண்ணிப் பழக்கமில்ல."

தாத்தா அவளைப் பார்த்தார். மோவாய்க் குழியைச் சொறிந்துகொண்டார். பிறகு செருப்பை மாட்டினார்.

இந்த முறை அரங்கில் ஐந்து பேர்தான். தாத்தா, பக்கத்தில் வெட்டுக்கிளி, பின்னால் அம்மா, கண்ணாடி சார், கம்ப்யூட்டர் அக்கா. விளக்கு அணைந்தது.

அந்த மனிதன் பெட்டியோடு வாசலுக்கு வந்தான். போக மனமில்லாத நடை. சிறுமி ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டாள். அவன் அவள் தலையை வருடினான், ஒருமுறை, இன்னொரு முறை. எழுத்து வந்தது. அவன் போனான். அவன் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைச் சிறுமி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து கயிற்றை எடுத்தாள்.

"ஒண்ணு" என்றார் தாத்தா.

"ரெண்டு. மூணு."

பத்தாவதில் முதல் சொட்டு இறங்கியது. பதினொன்றில் தோள் எழுந்து அதைத் துடைத்தது. கயிறு நிற்கவில்லை. தாத்தா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணிக்கொண்டே இருந்தார். முப்பது. முப்பத்தொன்று. சிறுமியின் பின்னல் அவிழ்ந்து ஆடியது. கன்னம் இரண்டும் பளபளத்தன.

"நாப்பத்தேழு" என்று வெட்டுக்கிளியும் சேர்ந்துகொண்டாள். தன்னுடைய கணக்கு தாண்டிப் போனதை வாயைப் பிளந்து பார்த்தாள். வருத்தம் கொஞ்சம்கூட இல்லை. இன்னும் போடு, இன்னும் போடு என்று அவள் கால்கள் தரையில் தட்டின.

"அம்பது."

"அம்பத்தொண்ணு."

"அம்பத்திரெண்டு."

திரையில் தரையின் மேல் ஒரு நிழல் விழுந்தது, பெட்டி தூக்கிய நிழல். சிறுமி நிமிர்ந்து பார்த்தாள். கயிறு கையிலிருந்து நழுவியது. அழுத முகம் அப்படியே சிரிப்பாக மாறியது. அத்துடன் சுருள் முடிந்துவிட்டது.

வெளிச்சம் வந்தது. தாத்தாவின் இரண்டு கைகளும் இன்னும் நாற்காலியை விடவில்லை. தோளைத் தூக்கி ஒரு கன்னத்தைத் துடைத்தார். பிறகு இன்னொரு தோளால் இன்னொரு கன்னத்தைத் துடைத்தார்.

"அம்மா பொய் சொல்லல" என்றார்.

"நீங்களும் ரீல் விடல தாத்தா" என்றாள் வெட்டுக்கிளி.

தாத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது. "எழுபத்தஞ்சு வருஷமா அந்தப் போட்டோல அசையாம நின்னாங்க. இன்னிக்குத்தான் அசைஞ்சாங்க. பாத்தியா, உன் வயசுதான்! என்னமா குதிக்கிறா என் தங்கம்!"

சொல்லிவிட்டு, தன் அம்மாவையே 'தங்கம்' என்று சொன்னதற்குக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் பாப்பாங்க" என்றார் கண்ணாடி சார், மூக்கிலிருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "படத்துக்குப் பேர் இல்லையேன்னு பாத்தேன். நடிச்சவங்க பேரையாவது போட்டுடறேன். அம்மா பேரைச் சொல்லுங்க."

தாத்தா சொன்னார். சார் அதை நோட்டீஸில் முதல் வரியிலேயே எழுதினார்.

"சரி தாத்தா, நேரமாச்சு. வீட்டுல விட்டுடட்டுமா?" என்று அம்மா எழுந்தாள்.

தாத்தா எழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கழுத்தில் தொங்கிய விசிலை எடுத்து வாயில் வைத்தார்.

இரண்டு விசில் அடித்தார்.

கம்ப்யூட்டர் அக்கா ஓடிப்போய் விளக்கை அணைத்தாள். அன்று மாலை அந்தப் படம் ஐந்து முறை ஓடியது. மூன்றாம் முறையிலிருந்து எல்லாரும் சேர்ந்து எண்ணினார்கள். ஐந்தாம் முறை, அம்மாவிடம் கேட்காமலேயே, திரைக்குப் பக்கத்தில் போய் நின்று வெட்டுக்கிளியும் கயிற்றை எடுத்தாள். டக், டக் என்று நான்கு கால்கள் ஒன்றாக எழும்பி ஒன்றாக இறங்கின, நாற்பத்தேழையும் தாண்டி, ஐம்பத்திரண்டு வரைக்கும்.